கீழ்க்கட்டில் செல்வசிங்

டியூட்டி முடிந்து அறைக்குள் நுழைந்ததும் செல்வசிங் முதலில் தன் மெத்தையைத் தட்டிப் பார்க்கிறார். பகலில் யாராவது உட்கார்ந்து எழுந்திருந்தால் அவர் கைக்குத் தெரிந்துவிடும். அப்புறந்தான் பூட்ஸைக் கழற்றுவது, குளிப்பது எல்லாம்.

துபாய் கராமாவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. அறையில் ஆறு பேர். மேலும் கீழுமாக அடுக்கிய இரும்புக் கட்டில்கள். ஜன்னலோரக் கீழ்க்கட்டில் செல்வசிங்குடையது. அறையின் ஒரே உருப்படியான பிளக் அதன் தலைமாட்டில் இருக்கிறது. ஏசி மெக்கானிக் ஆகையால், காற்று முகத்தில் அடிக்காமல் பாதத்தை மட்டும் தொட்டுப் போகும்படி தகட்டை அவரே திருப்பி வைத்திருக்கிறார். சுற்றிலும் பூப்போட்ட திரை. உள்ளே வேளாங்கண்ணி மாதா படமும் ஒரு டப்பா நேந்திரங்காய் சிப்ஸும். சிப்ஸ் கேட்டால் தருவார். கட்டிலில் உட்காரக் கேட்டால் காது கேட்காது.

பாவம், சும்மா வந்த கட்டில் இல்லை. புதிதாக வருகிறவர் மேலே ஏற வேண்டும், கீழே இருப்பவர் ஒரேயடியாக ஊருக்குப் போனால்தான் அறையில் மூத்தவர் இறங்கலாம் என்பது அங்கே எழுதாத சட்டம். செல்வசிங் ஏழு வருடம் மேலே கிடந்தவர். நிமிர்ந்து உட்கார்ந்து சட்டை போடுவது என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்குப் போனில் ஊர் விவாதம் பார்த்தாக வேண்டும். இப்போது கோடீஸ்வரர்களுக்குச் சொத்து வரி போடலாமா என்று நாலு பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். செல்வசிங் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்துகொள்வார்.

“வரியே வேண்டாம்னுதானே கடல் தாண்டி வந்து கெடக்கேன். இங்கயும் வந்து புடுங்குவானா?”

தேராவில் துணிக்கடையில் நிற்கும் மீராசாதான் அறையில் எதிர்க்கட்சி. “அண்ணே, கோடி கோடியா வச்சிருக்கவனுக்குத்தான் வரி. உங்களுக்கு ஏன் வேர்க்குது?”

“இன்னைக்கு அவனுக்க கோடி. நாளைக்கு எனக்க வீட்டு மாடியில நிக்க தண்ணி டேங்கையும் எண்ணுவான். நீ பாத்துக்கோ.”

இந்தச் சண்டை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கும். நடுவில் ரெங்கராஜின் முழங்கால் வந்தது.

ரெங்கராஜ் பெரம்பலூர் பக்கம். அறைக்குப் புதுசு, வயதில் எல்லோருக்கும் மூத்தவர், டைல்ஸ் பதிக்கிறவர். முட்டி போட்டே முட்டி தேய்ந்துவிட்டது. கம்பெனிக்குத் தெரிந்தால் மறுநாளே டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று சைட்டில் நொண்டாமல் நடக்கிறார். பாக்கி நொண்டலெல்லாம் அறையில்தான். செல்வசிங்குக்கு நேர் மேல்கட்டில் அவருக்கு. ஒவ்வொரு படிக்கும் ஒரு “முருகா”. போன வியாழக்கிழமை கால் மடங்கி, செல்வசிங்கின் திரையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். திரை பாதியாகக் கிழிந்தது.

“ஒண்ணும் இல்ல தம்பி” என்றார் ரெங்கராஜ், தரையில் உட்கார்ந்தபடி. முகம் மட்டும் வெளுத்திருந்தது. இன்னொரு தடவை விழுந்தால் வேலை போச்சு என்பது அறையில் எல்லோருக்கும் புரிந்தது.

மீராசா சும்மா இருப்பானா? “அண்ணே, இந்த ரூம்ல பெரிய சொத்து உங்க கட்டில்தான். அதுக்கு வரி போடுறோம். வாரத்துல மூணு ராத்திரி ரெங்கராஜண்ணன் கீழ படுப்பாங்க. ஓட்டுக்கு விட்டுருவமா?”

கைகள் தூக்கப்பட்டன. ரெங்கராஜ் மட்டும் தூக்கவில்லை. செல்வசிங்குக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏழு வருசம் மேல கெடந்து வாங்கின கட்டிலு. ஓட்டு போட்டு எடுப்பியளோ? அப்ப நான் கெடந்ததுக்கு என்ன அர்த்தம்?” கிழிந்த திரையை இழுத்து மூடிக்கொண்டு, சாப்பிடாமல் படுத்தார். மேலே ரெங்கராஜ் புரண்டு படுக்கும்போதெல்லாம் கட்டில் கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சும் அவருக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்தவர் ஊசிநூல் எடுத்துத் திரையைத் தைத்தார். பிறகு தன் தலையணையை மேலே எறிந்தார். ரெங்கராஜின் தலையணை கீழே வந்து விழுந்தது.

“ஐயோ, வேணாம் தம்பி. மூணு நாளே அதிகம்.”

“மூணு நாளுன்னா அது வரி அண்ணாச்சி. வரின்னா ஒரு ராத்திரி தரமாட்டேன்” என்றார் செல்வசிங், ஏணியில் ஏறிக்கொண்டே. “இது எனக்க கட்டிலு. எனக்கு இஷ்டப்பட்ட ஆளு படுப்பாரு. எல்லா நாளும் படுப்பாரு.”

மீராசா வாயைத் திறந்தான். “நீ பேசாத” என்று மேலிருந்து உத்தரவு வந்தது.

சாயங்காலம் வழக்கம்போல விவாதம் தொடங்கியது. மேல்கட்டிலில் கூரைக்குத் தலை குனிந்து உட்கார்ந்து, ஒரு பைசா வரி கொடுக்கக் கூடாது என்று செல்வசிங் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சார்ஜ் தீர்ந்து போன் கீச்சென்றது. சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, பூப்போட்ட திரைக்கு வெளியே மேலிருந்து ஒரு சார்ஜர் வயர் மெதுவாக இறங்கி வந்து, ரெங்கராஜின் தலைமாட்டில் ஆடிக்கொண்டு நின்றது.