மூலை கிழிந்த கடிதம்

நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். ஏழு காகிதம் பீரோவில் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன். இதில் ஒரு சொல் கூட நான் கட்டிவிட்டதில்லை.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துத் தள்ளுபவள். ஆனால் நானே பாதி மறந்துபோன எழுத்து ஒன்று உண்டு. சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் பேசிக்கொள்ள நானும் தங்கச்சியும் உருவாக்கியது. பெயருக்குப் பதில் படம்; யாருக்கோ அவர் படம் மேலே, எழுதுகிறவர் படம் கீழே. எனக்கு மீன், அவளுக்குக் குடை. கடிதத்தைப் படித்ததும் வலது பக்கக் கீழ் மூலையைக் கிழித்து எடுத்துக்கொள்ள வேண்டும். 'படிச்சாச்சு' என்று அர்த்தம். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தோம்.

போன வருஷம் தங்கச்சி ரயிலில் அடிபட்டுப் போய்விட்டாள். பழைய பாலத்தில், மதியம் 3.40க்கு. அவளுக்கு அங்கே என்ன வேலை? எட்டு மாதமாக அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் ஆவிகளுக்காக எழுதித் தருகிற ஒரு அம்மாவிடம் போனேன்.

கணவரும் கூட வந்தார். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவர். வழியெல்லாம் கிண்டல்தான்.

"உயிரோட இருக்கறப்போ ஒரு போன் பண்ண மாட்டா. இப்போ லெட்டர் போடப்போறாளாக்கும்."

மாடி அறை. ஒரு மேஜை, கோடு போட்ட தாள், பென்சில். பட்டப்பகல். மணி 3.10. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தாளில் தேதியை வலது கையால்தான் எழுதியிருந்தார். பென்சில் மெதுவாக இடது கைக்கு மாறியது.

தங்கச்சி இடது கைக்காரி.

சர்ர்... சர்ர்...

எங்கள் எழுத்து!

மேலே மீன் இல்லை. இரண்டு வட்டம், நடுவில் ஒரு கோடு. அப்படி ஒரு படம் எங்களிடம் கிடையாது. மறந்துவிட்டேனோ என்று அடுத்த வரிக்குப் போனேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது.

நீ... சொன்ன... நேரத்துக்கு...

பக்கத்தில் கணவரின் மூச்சுச் சத்தம் நின்றது.

பாலத்துக்கு... வந்தேன்...

டர்ர்ர்.

கணவரின் கை. வலது பக்கக் கீழ் மூலை.

கிழித்ததை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழகிப்போன கை, தானாகச் செய்தது. அப்புறம்தான் நான் பார்ப்பதைப் பார்த்தார். முகம் வெளுத்தது. மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளினார்.

இரண்டு வட்டம். நடுவில் ஒரு கோடு.

"படிச்சிட்டீங்களா?"

"எதை?"

கடைசி வரியை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன். *நீ ஏன் வரலை?*

அந்த அம்மா கண் விழித்தார். "உனக்குத்தானேம்மா வந்திருக்கு?"

"எனக்கில்ல."

அழுகை வரவில்லை. என்னை இரண்டு பேரும் சேர்ந்து முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்று உடம்பெல்லாம் எரிந்தது. புருஷனை எடுத்துக்கொண்டாள், சரி. எங்கள் எழுத்தை எப்படி அவருக்குக் கற்றுக்கொடுக்க மனசு வந்தது? பக்கத்தில் உட்காரவைத்து, மூலை கிழிப்பது வரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாளே!

அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார், வந்தார். நாளுக்கு நாள் இளைத்தார்.

ஏழாவது நாள் பழைய பாலத்தில் ரயிலில் அடிபட்டார். மதியம் 3.40.

போலீஸ்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். பர்ஸ், உடைந்த கண்ணாடி, மடித்த காகித மூலைகள். எண்ணினேன். ஏழு.

ஒன்று அன்றைக்குக் கிழித்தது. மற்ற ஆறு? அந்த அம்மாவிடம் ஓடினேன்.

"அவர் இங்க வரவே இல்லம்மா. அன்னைக்கப்புறம் நான் பென்சிலையே தொடலை."

கல்லூரியில் அவர் மேஜையைக் காலி செய்யச் சொன்னார்கள். இழுப்பறையில் ஆறு தாள், அதே கோடு போட்ட தாள். இடது கை எழுத்து. கீழே குடை. ஆறிலும் ஒரே வரி... *இன்னைக்காவது வா.*

மூலைகளை வைத்துப் பார்த்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

யார் எழுதினார்கள், எப்படி அங்கே வந்தன... எனக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் வீட்டு மேஜையைத்தான் பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன்.

செத்த பிறகும் அவள் ஏழு கடிதம் எழுதியிருக்கிறாள். ஒன்றில் கூட மீன் இல்லை.