எகிப்தில் துலா மிதிக்கவில்லை என்று சொன்ன ரீச்சர்

“உன்ரை கொப்பரைச் சபையிலை மறுத்துக் கதைச்சவளுக்கு நீ என்னத்துக்கடி நன்றி சொல்லுறாய்?”

தேவாலய வளவில் வைத்து என் சின்னம்மா செல்வநாயகி, என் அப்பாவை நினைத்து, இப்படிக் கேட்டார். பதில் சொல்ல ஒரு முழுக்கதை வேண்டியிருந்தது. சின்னம்மாவுக்கோ வண்டில் காத்து நின்றது. ஆகையால் இப்போது எழுதுகிறேன்.

நடந்தது 1937ஆம் ஆண்டு. நான் சீனியர் சோதினை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். ஆசிரியப் பயிற்சிக்குப் போவதா, தாதிவேலைக்குப் போவதா என்று காலையில் ஒரு முடிவெடுத்து மாலையில் அதை மாற்றிக்கொண்டிருந்த காலம். அப்பாவை எல்லோரும் தம்பிராசா மாஸ்டர் என்பார்கள். வட்டுக்கோட்டைக்கு அப்பால் இருந்த ஒரு சிறிய வேதசாஸ்திரக் கல்லூரியில் அவர் எபிரேயமும் பழைய ஏற்பாடும் படிப்பித்தார். உபதேசியார்மாரும் போதகர்மாரும் படித்து வெளியேறும் இடம் அது. அதிபர் சோமசேகரம் போதகர். கிரேக்கம் படிப்பித்தவர் பேதுரு மாஸ்டர். மூவரும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் படிப்பிக்க வந்தவர்கள். ஒருவர் இருமினால் மற்றவருக்குக் காரணம் தெரியும்.

அந்த வருடம் நான்காவது ஆசிரியராக அற்புதராணி ரீச்சர் வந்தார். பருத்தித்துறைப் பக்கத்துப் பெண். தகப்பன் பாய்க்கப்பலில் போய்வந்தவர். ஒரு புயலில் திரும்பி வரவில்லை. தாயையும் தம்பியையும் பார்க்க வேண்டியவர் இவர்தான். வங்காளத்தில் வேதசாஸ்திரம் படித்துப் பட்டம் பெற்றிருந்தார். கல்லூரியில் ஒரு பெண் படிப்பிக்க வருவது அதுதான் முதல் தடவை என்பதால், ஒரு வருடம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மூத்த ஆசிரியர் முன்மொழிந்தால்தான் நிரந்தரம். அந்த மூத்த ஆசிரியர் என் அப்பா.

ரீச்சர் எங்கள் வீட்டுப் பக்கத்தறையில்தான் தங்கியிருந்தார். வேகமாக நடப்பார். பகிடியைச் சொல்லி முடிக்கும் முன்பே தானே சிரித்துவிடுவார். எதற்கெடுத்தாலும் “எப்பிடித் தெரியும்?” என்று கேட்பார். “கறுத்தக் கத்தரிக்காயைவிட வெள்ளைக் கத்தரிக்காய்தான் ருசி” என்று அம்மா ஒருநாள் சொன்னார். “எப்பிடித் தெரியும், மாமி? ரெண்டையும் ஒரே நாளிலை சமைச்சுப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார். மறுநாள் அம்மா இரண்டையும் சமைத்தார். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. அம்மா ஒரு கிழமை அவரோடு கோபம்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஆசிரியர்கள் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவார்கள். ஒருவர் தான் எழுதியதை வாசிப்பார். முடிந்ததும், கல்லூரியில் ஆகக் கடைசியாகச் சேர்ந்த ஆசிரியர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். மூத்தவர்கள் பேசிவிட்டால் இளையவர் மறுத்துப் பேசமாட்டார் என்று, கல்லூரியைத் தொடங்கியவர்கள் வைத்த ஒழுங்கு. மறுப்பு இருந்தால் சொல்லலாம். இல்லாவிட்டால் “மறுப்பில்லை” என்று சொல்லலாம். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் எல்லோரும் “மறுப்பில்லை” என்றுதான் சொல்லி வந்தார்கள். அந்தச் சொல் கேட்டதும் அம்மா தேத்தண்ணித் தட்டைத் தூக்குவார்.

அன்று அப்பாவின் முறை. வேதத்தில் ஓர் இடத்துக்கு அவர் எழுதிய விளக்கத்தை வாசித்தார். எகிப்தை விட்டு வந்த மக்களுக்கு மோசே சொல்லும் இடம் அது. அங்கே நீங்கள் காலால் பாடுபட்டுத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினீர்கள், போகப்போகும் நாடோ வானத்து மழையைக் குடிக்கும் நாடு என்பது அதன் கருத்து. காலால் நீர் பாய்ச்சுவது எப்படி என்று உலகத்தில் மற்றவர்கள் யோசித்திருக்கலாம். எங்கள் வலிகாமத்தில் யாரும் யோசிக்கவில்லை. கிணற்றடியில் நட்ட மரத்தின்மேல் நீண்ட துலாவைக் கிடத்தி, அதன்மேல் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடக்க, நுனியில் தொங்கும் ஓலைப்பட்டை கிணற்றுக்குள் இறங்கி நீரோடு ஏறும். அப்பாவும் சிறுவயதில் நீர்வேலித் தோட்டத்தில் துலா மிதித்தவர்தான். எகிப்தியனும் நம்மைப்போலத் துலாவில் ஏறி நடந்தான் என்று அவர் எழுதியிருந்தார். எழுதியது அன்றுதான், படிப்பித்தது பல காலமாக. அவரிடம் படித்த உபதேசியார்மார் ஊரூராகப் போய் இதைச் சொன்னார்கள். சைவக்காரத் தோட்டக்காரர்கூட நின்று கேட்டு, “அப்ப அவையும் எங்களைப்போலைதான்” என்று சிரிப்பார்களாம்.

அப்பா வாசித்து முடித்தார்.

“மாஸ்டர், எனக்கு ஒரு மறுப்பிருக்குது” என்றார் அற்புதராணி ரீச்சர்.

தட்டோடு வாசல்வரை வந்துவிட்ட அம்மா, வந்த வழியே திரும்பிப் போனார்.

ரீச்சர் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். எகிப்தின் பழைய கல்லறைச் சுவரொன்றில் தீட்டிய சித்திரத்தின் படம். அதில் துலா இருந்தது. ஆனால் துலாவின்மேல் ஆள் இல்லை. ஆள் நிலத்தில் நின்று கையால் கயிற்றை இழுத்தான். மறு நுனியில் பாரத்துக்குக் களிமண் உருண்டை ஒன்று அப்பியிருந்தது.

பேதுரு மாஸ்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கடற்கரைப் பிள்ளைக்குத் துலாவைப் பற்றி ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை, மாஸ்டர். அதுதான் வசதியாப் போச்சு. தெரிஞ்சிருந்தா நானும் இந்தப் படத்தைத் தேடியிருக்கமாட்டன்.”

“அப்ப காலாலை எண்டு ஏன் கிடக்குது?” என்று அதிபர் கேட்டார்.

“வாய்க்கால் மண்ணைக் காலாலை தட்டி, தண்ணியை மற்றப் பாத்திக்குத் திருப்புறது. அதுதான்.”

“உறுதியோ?”

“உறுதி” என்றார் ரீச்சர்.

அப்பா படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “வாற வெள்ளி மறுமொழி சொல்லுறன்” என்றார். தேத்தண்ணி குடிக்காமல் எல்லோரும் எழுந்தார்கள். வெளிவாசல் படலையடியில் அதிபர் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “உந்த ரீச்சரை நிரந்தரமாக்கிறதோ எண்டதுக்கு நீர்தான் வாய் திறக்க வேணும். யோசிச்சுத் திறவும்.”

அன்று பொழுதுபட ரீச்சர் சாப்பிட வரவில்லை. அம்மா போய் அறைக்கதவில் தட்டினார். “இஞ்சை பார் பிள்ளை, எகிப்துக்காரன் மிதிச்சானோ மிதிக்கேல்லையோ, எனக்குத் தெரியாது. புட்டு ஆறுது.”

ரீச்சர் வந்து அமர்ந்தார். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். கடைசியில், “சம்பலை இஞ்சாலை தாரும், ரீச்சர்” என்றார். வீட்டுக்குள் அவர் எப்போதும் “பிள்ளை” என்றுதான் கூப்பிடுவார். ரீச்சர் சம்பல் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு கிணற்றடியில் ரீச்சரிடம் கேட்டேன். “ஏனக்கா சொன்னனீங்கள்? வேலை போனால்?”

“போனால் தம்பியின்ரை படிப்பும் போகும். எனக்குத் தெரியாதே?” என்றார். “ஆனா முதல் கதைக்கச் சொல்லி என்னைத்தானே கேட்டவை. மறுப்பில்லையெண்டு சொன்னால் அது பொய்யெல்லோ.” பிறகு, “கொப்பர் பொய்க்குப் படிப்பிக்கிற ஆளெண்டால் நான் பேசாமல் விட்டிருப்பன்” என்றார்.

சனிக்கிழமை காலை அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னையும் ரீச்சரையும் பார்த்து, “ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ” என்றார். எங்கே என்று சொல்லவில்லை. வண்டில் நீர்வேலிக்குப் போனது. அங்கே அப்பாவின் அண்ணர், என் பெரியையா அருளம்பலம், வாழைத்தோட்டம் செய்தார். அப்பா கிறிஸ்தவரான பிறகும் பெரியையா அவரை விட்டுவிடவில்லை. நெற்றி நிறையத் திருநீற்றோடு எங்கள் வீட்டுக்கு வந்து, கிறிஸ்மஸ் கேக்கும் கேட்டு வாங்கிப் போவார்.

விஷயத்தைக் கேட்டதும் பெரியையாவுக்கு ஒரே சிரிப்பு. “பள்ளிக்கூடத்திலை சண்டை பிடிச்சிட்டுத் தீர்ப்புக்கு என்ரை துலாவுக்கோ வந்தனீங்கள்? நல்லது. இண்டைக்கு எனக்குக் கூலி மிச்சம்.”

அப்பா துலாவில் ஏறினார். பெரியையா பட்டையைப் பிடித்து ஊற்றினார். ரீச்சரைப் பாத்திகளின் நடுவே நிறுத்தி, தண்ணீரைத் திருப்பும் வேலையைக் கொடுத்தார்கள். துலாவின் மேலிருந்து அப்பா கத்தினார். “மண்வெட்டி தொடாதையும்! காலாலை!”

கீரைப் பாத்திகளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரீச்சர் பெருவிரலால் மண்ணைத் தட்டிவிட, நீர் அடுத்த பாத்திக்குள் போனது. மறுபடி காலால் மண்ணை அணைத்து மூடினார். முகத்தில் வெற்றி தெரிந்தது. பிறகு நீர் பெரிய வாய்க்காலால் வாழைப்பக்கம் போனது. அங்கே காலை வைத்து மூடப் பார்த்தார், மண் கரைந்தது. மற்றக் காலையும் வைத்தார், வரம்பே உடைந்தது. இரண்டு காலாலும் மாறி மாறி உதைத்துக்கொண்டு நின்றார்.

“ஐயோ, என்ரை வாழைக்குட்டியள்!” என்று பெரியையா பட்டையை விட்டுவிட்டு ஓடினார். “எகிப்தை விடு பிள்ளை, மண்வெட்டியை எடு!”

துலாவின்மேல் நின்ற அப்பா, விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மறுப்புக்குப் பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. ரீச்சர் சேற்றோடு வந்து, “கீரைப் பாத்திக்குச் சரிவரும், மாஸ்டர்” என்றார். “வரலாம்” என்றார் அப்பா. வண்டிலில் திரும்பினோம். யார் என்ன முடிவுக்கு வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா எழுந்து நின்றே பேசினார்.

“துலா மிதிச்சதெண்டு நான் படிப்பிச்சது பிழை. படம் சரி. எங்கடை கிணத்தடியைக் கொண்டுபோய் எகிப்திலை வைச்சிட்டன். காலிலை பழக்கம் இருந்தபடியால் கண்ணாலை பாராமல் விட்டிட்டன். அதைத் திரும்ப எடுக்கிறன்.”

அப்பா ரீச்சர் பக்கம் திரும்பினார்.

“இப்ப எனக்கொரு மறுப்பு. தண்ணி திருப்பினதுதான், உறுதி எண்டு நீர் சொன்னீர். அது உறுதியோ?”

அதிபர் ரீச்சரைப் பார்த்தார். ஊகத்தை உறுதி என்று சொன்ன ஆசிரியரை எப்படி நிரந்தரமாக்குவது என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்ததை நான்கூடக் கண்டேன். ரீச்சர் எழுந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

“இல்லை, மாஸ்டர். கீரைப் பாத்தியெண்டால் அப்பிடி இருக்கலாம். அதுக்குமேலை எனக்குத் தெரியாது. அண்டைக்கு உறுதியெண்டு சொன்னது பிழை.”

“அப்ப அப்பிடியே எழுதுவம்” என்றார் அப்பா. “துலா மிதிக்கேல்லை. தண்ணி திருப்பியிருக்கலாம். மிச்சம் தெரியாது.” பிறகு அதிபரிடம், “வருச முடிவுவரைக்கும் ஏன் பாத்துக்கொண்டிருப்பான்? இந்தப் பிள்ளையை நிரந்தரமாக்கச் சொல்லி இண்டைக்கே முன்மொழியிறன். மறுப்பில்லையெண்டு சொல்ல எங்களிட்டை மூண்டு கிழவரே போதும்” என்றார்.

“மறுப்பில்லை!” என்று பேதுரு மாஸ்டர் கத்தினார். அதிபருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தலையாட்டினார்.

இப்போது சின்னம்மாவுக்கு என் பதிலைச் சொல்லலாம். அந்த மறுப்புக்கு முன்பு அப்பா வெள்ளிக்கிழமைகளில் பழைய பாடங்களைத்தான் தூசி தட்டி வாசிப்பார். யாரும் மறுக்காததால் அவருக்குத் தேடவும் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அந்தக் கிழமைக்குப் பிறகு பெங்களூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் புத்தகங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு அதிகாரமும் விறாந்தையில் சண்டையாகி, சண்டை முடிந்த பின்தான் எழுத்தானது. அம்மா தேத்தண்ணியை மூன்று தரம் சூடாக்கினார். அதிகம் படித்த மனிதர் மீண்டும் படிக்கத் தொடங்குவதை ஒரே வீட்டில் இருந்து பார்த்தேன். அதைத் தந்தவருக்கு நான் நன்றி சொல்லாமல் எப்படி இருப்பேன்? நானும் ஆசிரியப் பயிற்சிக்கே போவதென்று முடிவு செய்தேன். இந்தமுறை மாலையிலும் அது மாறவில்லை. அற்புதராணி ரீச்சர் இன்றும் அங்கே படிப்பிக்கிறார். தம்பி படித்து முடித்துவிட்டான்.

ஒரு வேலை மட்டும் முடியவில்லை. துலாக்கதை அப்பாவுக்கு முன்னால் ஊரூராகப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சைக்கிளில் போய்த் தன் பழைய மாணவர்களிடம் பிழையைச் சொல்லித் திருத்துகிறார். “மாஸ்டர், சனத்துக்குப் பிடிச்ச கதையெல்லோ!” என்று சிலர் கெஞ்சுகிறார்கள். வன்னிக்கும் மலாயாவுக்கும் போனவர்களை அவர் சைக்கிள் எட்டாது. வாயால் பரவியதை வாயால்தான் எட்டிப் பிடிக்க வேண்டும்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எகிப்தியர் துலா மிதித்தார்கள் என்று எந்தக் கிணற்றடியிலாவது யாராவது சொல்லக் கேட்டால், அவரோடு கோபிக்காதீர்கள். அதைச் சொல்லிக் கொடுத்தவர் என் அப்பா. அவரே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்றும், எடுக்க வைத்தவரின் பெயர் அற்புதராணி என்றும் கதை சொன்னவருக்குச் சொல்லுங்கள். கேட்டவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.