சம்பங்கி பாடம் நடத்திய பத்து நாள்

சம்பங்கிக்குத் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேன் வேலை. பாறை சரியாமல் மரத்தூண் முட்டுக் கொடுக்க வேண்டும். திருவிழா வந்தால் மாரிகுப்பத்துத் தெருக்கூத்தில் அவர்தான் கட்டியக்காரன். ராஜா வேஷத்துக்கு ஆள் மாறும். கட்டியக்காரனுக்கு இருபது வருஷமாக மாறவில்லை. கட்டியக்காரனுக்கு எழுதிவைத்த வசனம் கிடையாது. களத்துக்குள் யார் காலெடுத்து வைத்தாலும், துரியோதனனே ஆனாலும், வழிமறித்து ஊர், பேர், வந்த காரியம் கேட்பது அவன் வேலை. மற்றதெல்லாம் அந்த நிமிஷத்தில் வாயில் வருவது. ஆட்டமும் அப்படித்தான்.

1969இல் அவரைப் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப்போனவர் பாண்டுரங்கன். மாரிகுப்பத்துக்குப் பக்கத்தில், ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் மகன். அங்கே நாடகத் துறையில் விரிவுரையாளர்.

"பத்து நாள் கிளாஸ், அண்ணா. கடைசி நாள் எங்க ஹெட் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா வருஷம் பூரா வேலை. நீங்க கீழே இறங்கவே வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் சம்பங்கியின் காதில் விழுந்தது. நெஞ்சில் தூசி படிந்துவிட்டது, இனி சுரங்கத்துக்குள் இறங்காமல் மேலே வேலை பார்த்தால்தான் நல்லது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. மேலே வேலை கேட்டுக் காத்திருப்பவர்களோ ஏராளம்.

முதல் நாள் பன்னிரண்டு மாணவர்களுக்கு முன்னால் ஆடிக் காட்டினார். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் அவர்களை ஆடச் சொன்னபோது ஒரு சொல் பிசகவில்லை. நடுவில் பன்னிரண்டு பேரும் ஒன்றாக நின்று, மார்பில் கை வைத்து, மூன்று தடவை இருமினார்கள்.

"இது இன்னாத்துக்கு?"

"நீங்க அந்த இடத்துல இருமினீங்க, மாஸ்டர்," என்று வின்னி என்ற பெண் நோட்டைக் காட்டினாள். "மூணு தடவை."

"அது வேஷம் இல்லம்மா. சுரங்கத்துத் தூசி."

சம்பங்கிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு வந்தது எனக்கு. உனக்கு இன்னா வருதோ அத்த ஆடு. தும்மல் வந்தா ராஜாவப் பாத்துத் தும்மு, 'உன் சேனை கிளப்புன புழுதி'ன்னு சொல்லு. வந்தத்த வுட்றாதே. அவ்ளோதான் பாடம்."

அன்றிலிருந்து ஜன்னல் கதவு அடித்தால் அந்தச் சத்தத்துக்குக் கால் வைத்தார்கள். டீ கொண்டுவந்தவரை மறித்து ஊர், பேர் கேட்டார்கள். ஏழாம் நாள் வின்னி சம்பங்கியையே பதில் சொல்ல முடியாமல் மடக்கிவிட்டாள்.

கடைசி நாள் வின்னிதான் கட்டியக்காரன். ஹெட் அரைமணி தாமதமாக வந்தார். சுவரோரம் வழி இருந்தும், கோட்டும் டையுமாக, ஆடுகிற களத்தின் நடுவே தன் நாற்காலியை நோக்கி நடந்தார். வின்னியின் கால் நின்றது. அவள் சம்பங்கியைப் பார்த்தாள். பின்னாலிருந்து பாண்டுரங்கன் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

சம்பங்கியும் ஒரு கண்ணசைவில் அவளைத் தடுத்திருக்கலாம். வருஷம் முழுக்க மேலே, வெளிச்சத்தில் வேலை. அதை அவர் நினைக்காமல் இல்லை. ஆனால் களத்துக்குள் வந்தவரைக் கேட்காமல் விட்டால் கட்டியக்காரன் எதற்கு? அவர் கையிலிருந்த தாளத்தைத் தட்டினார்.

வின்னி ஒரு சுற்றுச் சுற்றி ஹெட்டின் முன்னால் குதித்து நின்றாள். "யாருப்பா நீ? எந்த தேசத்து ராஜா? கூத்து பாதி முடிஞ்சி வர்றியே, தேருக்கு அச்சு முறிஞ்சிதா, இல்ல சிவாஜிநகர் பஸ் வரலியா?"

மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹெட் சிரிக்கவில்லை. மிச்ச ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

"ஒரு தடவை விட்டிருக்கக் கூடாதா, அண்ணா?" என்றார் பாண்டுரங்கன், ரயிலேற்றிவிட வந்தபோது.

"விட்டா, பத்து நாளா நான் சொன்னது பொய்யின்னு ஆயிடுமே, சார்."

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் வருவதற்காக நிற்கையில், கூட வேலை செய்யும் சின்னசாமி கேட்டார்: "இன்னா வாத்தியாரே, இங்க நிக்கிறே? வேலை குடுக்கலியா?"

"பசங்க நல்லாக் கத்துக்கினாங்கடா. அதான் குடுக்கல."

மேலே மரக்கிடங்கில் சம்பங்கிக்கு வேலை கிடைக்க இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று.