ஜேடர்பாளையம் சாலையில் கேட்டது

சக்கரம் வைத்த ஒரு சட்டம், அதில் வரிசையாகத் தொங்கும் மைக்குகள். எங்கள் சாரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த பொறியாளர் அவர். சாலையில் ஒரு சின்ன இரும்புக் குண்டு விழும். அந்த அதிர்வு தாருக்குள் ஓடுவதை, ஒரு சாண் உயரத்தில் தொங்கும் மைக்குகள் சாலையைத் தொடாமலே கேட்டுவிடும். அடியில் கெட்டியாக இருக்கிறதா, பொந்து விழுந்திருக்கிறதா என்று துளை போடாமலே தெரிந்துவிடும். கேட்டதை மட்டும்தான் எழுத வேண்டும் என்பார் சார். அறிக்கையில் 'இருக்கலாம்' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வரும்.

ஒருநாள் ஜேடர்பாளையம் சாலையில் வேலை. புதிதாக ஒட்டுப் போட்ட இடம், மேலே வழவழவென்று இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றார். அவர் கணவர் போன மழைக்காலத்தில் அதே இடத்தில் வண்டியோடு விழுந்து இறந்துவிட்டாராம். சாலை உள்வாங்கியிருந்தது என்று இவர் சொல்ல, குடித்துவிட்டு ஓட்டினார் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதற்குள் தார் போட்டு மூடியும் விட்டார்கள். பிறகு யார் நம்புவார்கள்?

"குடிக்கிற மனுசனில்லைங்க சாமி. என்ற பையனே நம்ப மாட்டேங்கறான். எங்கூடப் பேசறதே இல்லைங்க" என்றார்.

"சத்தமில்லாம நில்லுங்கம்மா, கேட்டுப் பாக்கறோம்" என்றார் சார்.

அந்த அம்மா மூச்சையே பிடித்துக்கொண்டு நின்றார், பாவம். குண்டு விழுந்தது. மைக்குகளோடு இணைத்த திரையில் கோடு தாறுமாறாக ஓடியது. மறுபடி போட்டோம், அப்படியேதான் வந்தது.

"அடியில மண்ணு அரிச்சுக் கெடக்குதுங்கம்மா. மேல மட்டுந்தான் மூடியிருக்காங்க" என்றார் சார்.

"ஏனுங்க, அப்ப அவரு மேல தப்பில்லைங்களா?"

அன்றைக்கு அந்த இடம் எப்படி இருந்தது, அவர் குடித்திருந்தாரா என்பதெல்லாம் எங்கள் மைக்குக்கு எப்படித் தெரியும்? சார் திரையைப் பார்த்தார். அந்த அம்மாவையும் பார்த்தார்.

"தப்பில்லைங்கம்மா. ரோடுதான் உள்வாங்கியிருக்குது. பையனைக் கூப்பிடுங்க, நானே சொல்றேன்."

இன்று சார் இல்லை. அவர் வேலையை நான் பார்க்கிறேன். அப்படி ஒரு வரியை எந்த அறிக்கையிலும் நான் எழுத விட மாட்டேன். ஆனால் அன்று அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

பையன் வேண்டாவெறுப்பாக வந்தான். சார் அதையே அவனிடமும் சொல்லிவிட்டு, அவன் பார்க்கட்டும் என்று குண்டை இன்னொரு தரம் போட்டார். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. அம்மா பக்கத்தில் போய் நின்றான்.

"வெயில்ல எத்தனை நேரமா நிக்கற? வாம்மா, ஊட்டுக்குப் போலாம்" என்றான்.