ஆவடி லேபுல அக்காவுக்கு ரெண்டாவது சோதனை

உலகச் சண்டை நடந்துகினு இருந்த வருசம், தை மாசம். பூந்தமல்லியில எங்க அக்காவுக்கு சளி சோதனையில காசம்னு வந்துச்சு. அன்னிக்கே கைக்கொழந்தைய அவகிட்டேர்ந்து வாங்கி அவ மாமனார் மடியில குடுத்துட்டாங்க. பால் கட்டிக்கினு அழுதுகினே கெடந்தா. படிப்பை உட்டுட்டு சும்மா சுத்தறவன்தானே நான். "கெளம்பு, இன்னொரு தபா பாத்துருவோம்"னேன்.

பெட்ரோல் கெடைக்காத காலம், பஸ்ஸை நம்பாதீங்க. சந்தையாண்ட காலையில ஜட்கா கெடைக்கும். ஆவடி ஆறு மைல் சொச்சம், ஆறணா. வண்டிக்கார காதர் பாய் பருத்திப்பட்டு ஏரியில குதிரைக்குத் தண்ணி காட்டுனாரு.

"தங்கச்சி, நீயும் மூஞ்சி கழுவிக்க. குதிரையே உன்னைப் பாத்து பயப்படுது"ன்னாரு. ரொம்ப நாளைக்கப்புறம் அக்கா சிரிச்சா.

ஆஸ்பத்திரி ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரம்தான். லேபுல இருந்த டாக்டரம்மாகிட்ட நேரா கேட்டேன்: "உங்க சோதனை தப்பாயிருந்தா?"

அந்தம்மா கோவப்படல. "நோய் இருக்கறது தெரிஞ்ச சளி ஒண்ணு, இல்லாதது ஒண்ணு, தெனமும் மத்ததோட சேத்து சாயம் போட்டுப் பாப்போம். அது மாறி வந்தா அன்னிக்கு யாருக்கும் முடிவு சொல்ல மாட்டோம். அது எங்க கையை நாங்களே கவனிக்கறது. அப்பப்ப பட்டணத்துலேர்ந்து, என்ன இருக்குன்னு சொல்லாமலே சளி தடவுன கண்ணாடித்துண்டு அனுப்புவாங்க. அது வெளியாளு எங்களை எடை போடறது."

"ரெண்டுலயும்?"

"சரியாத்தான் இருக்கோம். ஆனா புட்டியில துப்புனது யாருன்னு ரெண்டும் சொல்லாது. மொத சோதனைக்கு நீதானேம்மா துப்புன?"

அக்கா தலைய குனிஞ்சுகினா. "அத்தினி ஆம்பளைங்க எதிர்ல எப்படிம்மா காறித் துப்பறது? புட்டிய ஊட்டுக்கு எடுத்துகினு போயிட்டேன். அங்கயும் எனக்கு வரல. மாமாதான், 'குடு, ஒரே ஊட்டு சளிதானே'ன்னு துப்பிக் குடுத்தாரு."

சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ மூஞ்சி வெளுத்துப்போச்சு. கொழந்தை அந்த மாமனார் மடியிலதான் கீது.

ஒரு மூலையில துணி கட்டி மறைச்சாங்க. துப்பிக் குடுத்தா. மத்தியானம் சுத்தம்னு சொன்னாங்க, ஆனா இன்னும் ரெண்டு நாள் காலைச் சளியும் வேணும், கொழந்தையையும் பெரியவரையும் கூட்டியாங்கன்னாங்க. அக்கா ஓடிப்போய் வண்டியில ஏறிட்டா.

ஊட்டுல நான்தான், காசம் உங்களுக்குத்தான்னு பட்டுனு சொன்னேன். மாமா கொழந்தைய மெதுவா பாயில வெச்சுட்டு செவுரு வரைக்கும் பின்னால போனாரு. "நீ இல்லியே தாயி, அது போதும்"னாரு.

நீங்க போனா, காலையில எழுந்ததும் வர்ற சளிய நீங்களே துப்புங்க. வெக்கமாயிருந்தா மறைப்பு கேளுங்க, கட்டித் தருவாங்க. இருமறவங்களை ஜட்காவுல பின்பக்கம், ரோட்டைப் பாக்க உக்கார வைங்க. மறுநாள் மாமா அப்படித்தான் உக்காந்தாரு. கொழந்தை வழியெல்லாம் அவரு முதுகைப் பாத்து கையை நீட்டிக்கினே வந்துச்சு. அவரு திரும்பிப் பாக்கவே இல்ல.