மாமா கனவுக்கு நோட்டுப் போட்ட கதை

என் அக்கா வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். நான் அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். அதனால் அவருடைய குவார்ட்டர்ஸில் கட்டில் அவருக்கு, ஹாலில் பாய் எனக்கு. கனவிலும் அதே கதைதான். எனக்கு வந்தால் “வாயைப் பொளந்துகினு தூங்கினா அப்படித்தான்” என்பார்கள். மாமாவுக்கு வந்தால் பிளாக்கே கூடிப் பேசும்.

நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து படுத்த மாமா, ஒருநாள் மத்தியானம் எழுந்து பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“அப்பா வந்தாருடா. வாசக் கதவாண்ட நின்னுகினு, துன்றதுக்கு என்னமோ ஒண்ணு கேட்டாரு. இன்னான்னு மறந்துபோச்சு.”

அவர் அப்பா கம்மாபுரம் பக்கத்து விவசாயி. போன வருடம் தவறிப்போனார். செத்தவர் கனவில் வந்து எதையாவது கேட்டால், அமாவாசைப் படையலில் அதை வைத்தாக வேண்டும். அது மாமா வீட்டு வழக்கம். ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“உசுரோட இருக்கச்சொல்ல எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல மச்சான். இப்பதான் மொத மொதல்ல கேக்கறாரு. அதையும் கோட்டை வுட்டுட்டேன்.”

“பட்டப்பகல்ல வந்த கனவாச்சே மாமா, அது செல்லுமா?” என்றேன். அக்கா முறைத்தாள்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். அவர்தான் தீர்ப்பு சொன்னார். “நைட் ஷிப்ட் பாக்கவனுக்கு மத்தியானந்தாம்ல விடியக்காலம். தாராளமாச் செல்லும்.”

டவுன்ஷிப்பில் கனவுக்கும் ஷிப்ட் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த நேரத்தில் என் போனில் ஒரு வீடியோ வந்து தொலைத்தது. தாடி வைத்த ஒருவர், ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு பேசினார். தூங்கி எழுந்ததும் யாரிடமும் பேசக்கூடாதாம். அசையாமல் படுத்து, ஞாபகம் இருப்பதை அப்படியே எழுத வேண்டுமாம். எழுத எழுத, கனவு மறக்கவே மறக்காதாம். மாமாவிடம் காட்டினேன். சாயங்காலமே தலையணைக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவும் வந்துவிட்டன. துணைக்கு நானும் எழுத ஆரம்பித்தேன். நான் பத்தாவதில் பரீட்சைப் பேப்பரையே நிரப்பாதவன்.

மாமா எழுதியதைப் படித்துப் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. வருஷக்கணக்காக ஷிப்ட் ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை அது.

“கன்வேயர் பெல்ட் நின்றது. மேலே தகவல் சொல்லப்பட்டது. ஆட்கள் வந்தார்கள். பெல்ட் ஓடியது. வேறு விசேஷம் இல்லை.”

“மாமா, இது கனவா, டூட்டியா?”

“கனவுதாண்டா. டூட்டில அவ்ளோ சீக்கிரம் ஆள் வரமாட்டாங்க.”

வீடியோக்காரர் சொன்னது பொய்யில்லை. நோட்டு வந்த பிறகு மாமாவுக்கு எல்லாக் கனவும் ஞாபகம் இருந்தது. வந்ததெல்லாம் மைன்ஸ். பெல்ட் கிழிந்தது, பஸ் போய்விட்டது, ஹெல்மெட்டைக் காணோம். முன்பெல்லாம் தூங்கி எழுந்தால் முகம் தெளிவாக இருக்கும். இப்போது இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தவர் மாதிரி எழுந்து வந்தார்.

“ஏங்க, கனவுல பாக்கற வேலைக்கு ஓ.டி. குடுப்பாங்களான்னு கேளுங்க” என்றாள் அக்கா.

அவளுக்கும் கஷ்டம்தான். மாமா கண்ணை மூடியபடியே பேனாவைத் தேடும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. ஒருநாள் தெரியாமல் “டீ ஆறுது” என்றுவிட்டாள்.

“போச்சு! அப்பா மாதிரி ஒருத்தரு சைக்கிள்ல வந்தாரு. உன் டீயால போச்சு!”

அக்கா டீயைக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள்.

என் கதை வேறு. முதல் நாள் நான் பறந்தேன் என்று எழுதினேன். வெறுமனே பறந்தால் நன்றாக இல்லையே என்று அடுத்த நாள் பக்கத்தில் ஒரு பெண்ணையும் பறக்கவிட்டேன். கொஞ்ச நாளில் எது தூக்கத்தில் வந்தது, எது பேனாவில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் எல்லாமே நன்றாக ஞாபகம் இருந்தது.

அமாவாசைக்கு முதல் நாள் மத்தியானம் மாமா எழுந்தார். பேனாவை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

“அப்பா வந்தாரு” என்றார்.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். “கேட்டாரா?”

“கேக்க வாயத் தொறந்தாரு. நான்தான், ‘இருப்பா, எழுதிக்க பேனா எடுத்தாறேன்’னு உள்ள வந்து தேடினேன். ஷோகேஸ்ல தேடினேன், டிபன் பாக்ஸ்ல தேடினேன். கெடச்சு வெளிய போனா, ஆளக் காணோம்.”

எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் அக்கா மாமனாருக்காகத் தனக்குத் தெரிந்த எல்லாப் பலகாரத்தையும் செய்தாள். பாயசம், கொழுக்கட்டை, வடை, அதிரசம், வேர்க்கடலை உருண்டை. ஊரிலிருந்து மாமாவின் தம்பியும் வந்திருந்தார். படைத்துவிட்டு, மொட்டைமாடிச் சுவரில் இலை போட்டு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். காக்கா எதை எடுக்கிறதோ அதுதான் அப்பா கேட்டது என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

காக்கா வந்தது. வரிசையை ஒருமுறை பார்த்தது. வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

“எந்தக் காக்காவா இருந்தாலும் வடையத்தான் மாமா...” என்று ஆரம்பித்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

தம்பிக்காரர் தலையைச் சொறிந்தார். “இன்னாண்ணே இது? நம்ம அப்பாவுக்கு எண்ணெப் பலகாரமே ஆவாது. வடையக் கண்டாலே எழுந்து போயிடுவாரே.”

மாமா காக்கா போன திசையைப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது.

“அங்க போயி பழகிக்கினாரு போல” என்று சொல்லிவிட்டு, இலையில் இன்னும் இரண்டு வடை எடுத்து வைத்தார்.