ஆளில்லாக் கோளுக்குத் தமிழ்க் குரல்

திரையில் அசைகிற வாய்க்கு நம் குரலைக் கொடுக்கும் வேலையில், ஒழுங்காகச் செய்தால் நாம் அங்கே நிற்பதே யாருக்கும் தெரியாது. பிசகினால் மட்டும் தேயிலைத் தோட்டத்துக்கே தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் நா ஒட்டிக்கொண்டவர்கள், மைக்கைத் தட்டிப் பார்த்து அந்தச் சத்தத்துக்கே பயந்தவர்கள் எல்லாரும் என் இனம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகம் முடித்து அரசாங்க வேலைக்குக் காத்திருந்தபோது, தோட்டங்களுக்குப் போய்ப் படம் காட்டும் சிறிய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். காட்டுவது ஒரே ஒரு கார்ட்டூன் படம். கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கியவனின் பழைய கதையை விண்வெளிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தீவுக்குப் பதில் ஒரு குட்டிக் கோள், மாலுமிக்குப் பதில் ஒரு சிறுமி. உடைந்த கலத்தின் தகடுகளால் அவள் குடிசை கட்டுவதும், பனியை உருக்கி விதைக்கு ஊற்றுவதும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. ஆனால் படம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. தமிழுக்கு நான். திரை ஓரமாக நின்று, படத்தில் வருகிற எல்லாருக்குமாக நானே பேச வேண்டும்.

வேலை தற்காலிகம். கடைசிக் காட்சியை நிறுவனத்தை நடத்தும் மெடம் கொழும்பிலிருந்து வந்து பார்த்த பிறகுதான் தமிழ்க் குரல் இனியும் தேவையா என்று முடிவு செய்வார். அந்தக் கடைசிக் காட்சி நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில். அங்கே கொழுந்தெடுக்கும் என் அம்மா, நான் வேலையில் சேர்ந்த அன்று கேட்டது: "இவ்வளவு படிச்சுப்புட்டு படங்காட்டவா போற?"

துரை கொடுத்த இருக்கை

முதல் காட்சி பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துச் சுவரில். நான் வீட்டிலிருந்தே 'விண்கலத் தளபதி' என்று எழுதித் தயார் செய்திருந்தேன். சொன்னேன். கூட்டம் விளங்காமல் என்னையே பார்த்தது. திரையில் உத்தரவு போடுகிறவர், எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், வேறென்ன? தோட்டத்து மேலதிகாரியைச் சொல்வதுபோல "தொர வர்றாரு" என்று மாற்றிவிட்டேன். உடனே எல்லாருக்கும் விளங்கியது. அந்த நிமிஷத்திலிருந்து அவரை ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

படத்தில் அவர் மிக நல்லவர். கலம் உடையும்போது தப்பிக்கும் ஓடத்தில் தனக்கிருந்த ஒரே இருக்கையைச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டு அவர் பின்தங்கிவிடுவார். நான் குரல் தழுதழுக்க அதைச் சொன்னேன். கைதட்டலும் இல்லை, கண்ணீரும் இல்லை. முடிந்ததும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்திருந்த ஓர் அண்ணன் எழுந்து வந்து மெதுவாகச் சொன்னார்: "படம் நல்ல படம் மிஸ். ஆனா தொர தன்னோட சீட்ட குடுத்தாருன்னு மட்டும் சொல்லாதீங்க, புள்ளைக நம்பிப்புடும்."

பந்துல அண்ணன் அழும் இடம்

வேனை ஓட்டுவதும் புரொஜெக்டரைப் பொருத்துவதும் பந்துல அண்ணன். சிங்களவர்; தமிழும் எங்களைப் போலவே பேசுவார்; 'தங்கச்சி'யை மட்டும் சிங்களத்தில் 'நங்கி' என்பார். படத்தில் ஒரு மீட்புக் கலம் கோளுக்கு மேலாகக் கடந்து போகும். சிறுமி தகட்டைத் தூக்கி வெயிலில் மின்னவைத்து ஓடுவாள். கலம் கவனிக்காமல் போய்விடும். அந்த இடம் வரும்போதெல்லாம் பந்துல அண்ணன் தொப்பியை இறக்கிக் கண்ணை மறைப்பார்.

எத்தனையோ காட்சிக்கு அவரே பொத்தானை அமுக்கியிருக்கிறார். கலம் நிற்காது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? திரும்பி வரும் வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்: "தெரியும் நங்கி. ஆனா இன்னைக்காவது அது திரும்பிப் பாக்கும்னு ஒவ்வொரு நாளும் தோணுதே."

அடுத்த வசனத்தை நினைத்து நடுங்கிக்கொண்டே இந்த வசனத்தைப் பேசுகிறவள் நான். அவரைப் போலப் பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்குப் பொறாமையாக இருந்தது.

கலவானையில் ஒரு கேள்வி

கலவானைப் பக்கத்துத் தோட்டத்தில் படம் முடிந்ததும் பலத்த கைதட்டல். கடைசியில் வேறொரு கலம் வந்து சிறுமி கோளை விட்டுக் கிளம்பும்போது, அவள் நட்ட செடிகள் கரடுமுரடான பாறையெல்லாம் பச்சையாகப் படர்ந்திருக்கும். வீடு திரும்புகிறாள் என்று எல்லாருக்கும் சந்தோஷம். திரையைச் சுருட்டும்போது ஓர் அக்கா மட்டும் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த எடத்த அவ பேருக்கு எழுதிக் குடுத்தாங்களா மிஸ்?"

படத்தில் அது வரவில்லையே அக்கா என்றேன். அவருடைய தாத்தாவும் அப்பாவும் இருந்த, இன்னும் தோட்டத்துக்கே சொந்தமான லய வீட்டில்தான் அவரும் இருக்கிறார் என்பதைப் பிறகுதான் சொன்னார். உடனே அவரே சிரித்துவிட்டார்: "வராதுன்னு தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கணும்ல?"

எங்கள் மடுவத்தில் மழை

கடைசிக் காட்சி. மெடம் முன்னால் நாற்காலியில். அம்மா சாக்கை விரித்துப் பெண்களோடு தரையில். சிறுமி கோளில் தனியாகும் கட்டத்தில் மழை பிடித்தது. தகரக் கூரையில் எங்கள் பக்கத்து மழை விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. மைக்கை விழுங்காத குறையாகப் பேசிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

ஒருவரும் எழுந்து போகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் குடிசை கட்டினாள். முதல் முளையைக் கைக்குள் பொத்திக் காற்றிலிருந்து காத்தாள். மடுவமே மூச்சு விடாமல் பார்த்தது. அவ்வளவு நல்ல படம். மெடம் பேசாமல் நிற்கிற என்னையும், பார்த்துக்கொண்டிருக்கிற கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ்க் குரல் தேவையில்லை என்று நானே அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

மழை சற்றுத் தணிந்ததுமே பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏம்மா, படத்துல அந்தப் புள்ள இவ்வளவு நேரமா என்னமோ பேசிச்சே, என்னா சொல்லிச்சு?"

"திருப்பிப் போடச் சொல்லு! அது தனியாக் கெடந்து பேசுது, காது குடுக்காம எப்புடி?"

கூச்சல் மடுவம் முழுக்கப் பரவியது. என்ன கலவரம் என்று மெடம் சிங்களத்தில் கேட்டார். மழையில் கேட்காமல் போனதைத் தமிழில் மறுபடி கேட்கிறார்கள் என்றார் பந்துல அண்ணன். மெடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ போடுங்க" என்றார்.

இரண்டாம் தடவை அடுத்த வசனத்தைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. அந்தந்த நேரத்தில் தானாக வந்தது. மீட்புக் கலம் கடந்து போனபோது பெண்கள் எழுந்தே விட்டார்கள். "ஏய், இங்கிட்டுப் பாருய்யா, புள்ள நிக்குது!" மெடத்துக்கு அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவரும் கூரையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்கள், நீங்களும் வருகிறீர்கள் என்று மெடம் சொன்னதும் அம்மாவிடம் ஓடினேன். நான் பேசியது எப்படி இருந்தது என்று கேட்டேன். அம்மா சாக்கை உதறி மடித்தார்.

"ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன். அந்தப் புள்ள பேச ஆரம்பிச்சதும் ஒன்னய மறந்தே போயிட்டேன்."

பெற்ற தாயே மறந்துபோகிற அளவுக்கு வேலை பார்த்திருக்கிறேன் என்பதை இனி ஒரு நேர்முகத் தேர்வில் எப்படித் தகுதியாகச் சொல்வது என்பதுதான் இப்போதைய கவலை.